எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது?
அனுமதி முறையும் வாய்ப்பின் ஏற்றத்தாழ்வும் பற்றிய ஒரு நோக்கு

உயர்கல்வியை நாடும் மாணவர் ஒருவர் எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, ஒரு சிறிய நடைமுறைப் பிரச்சினையாகவே தோன்றும். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா ஆண்டுதோறும் பெருந்தொகையான குடும்பங்களை அலைக்கழிக்கின்றது. பொருளியலாளர் பலர் இதனை ஆய்வுக்குரிய பொருளாகவும் கொண்டுள்ளனர். எமது நாட்டு மாணவருக்கு இவ்வினா அதே வடிவில் எழுவதில்லை. எனினும் ஒரே விண்ணப்பத்தில் எத்தனை விருப்பங்களை எந்த ஒழுங்கில் எழுதுவது என்னும் இதன் உறவு வினாவை உயர்தரப் பரீட்சையில் தகுதிபெறும் ஒவ்வொருவரும் எதிர்கொள்கின்றனர்.

இவ்வெண்ணிக்கை தனிமனிதரின் விவேகத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. விண்ணப்பப் படிவமும் கட்டணமும் அனுமதி விதியும் அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவது. முதலில் அமெரிக்க நிலைமையையும், பின்னர் அதன் ஒளியில் எமது நிலைமையையும் நோக்குவோம்.

1. அமெரிக்க முறையின் இயல்பு

அமெரிக்காவில் கல்லூரி அனுமதிக்கு நாடு தழுவிய நடுவண் அமைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கெனத் தனி விதிகளை வகுத்துத் தானே மாணவரைத் தெரிவு செய்கின்றது. தெரிவுக் கடுமை மிக்க கல்லூரிகள் பாடசாலைப் பெறுபேறுகளோடு ஆசிரியர் பரிந்துரை, மாணவர் எழுதும் கட்டுரை, இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என்பனவற்றையும் கருத்திற் கொள்கின்றன. ஆகவே, தமக்கு இடங் கிடைக்குமா என்பதை மாணவர் முன்கூட்டியே திட்டவட்டமாக அறிய இயலாது. பல கல்லூரிகள் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியே கட்டணம் அறவிடுகின்றன.

1975 இல் 15 தனியார் கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து பொது விண்ணப்பப் படிவமொன்றைத் தொடக்கின. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் இணைந்துள்ளன. ஒரே படிவத்தை நிரப்பி, இருபது கல்லூரிகள் வரை அதனை அனுப்பலாம். இவ்வசதி விண்ணப்பங்களின் தொகையைப் பெருக்கிற்று. முதலாண்டு மாணவரிடையே ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தோர் 1990 இல் பத்தில் ஒருவர் அளவினராகவே இருந்தனர். 2015 இல் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோராயினர்.

இதன் விளைவு ஒரு சுழலாகும். எல்லோரும் கூடுதலாக விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு புகழ்பெற்ற கல்லூரியின் அனுமதி வீதமும் குறைகின்றது. அவ்வீதம் குறைந்ததைக் கண்டு அஞ்சும் அடுத்த ஆண்டு மாணவர் மேலும் கூடுதலாக விண்ணப்பிக்கின்றனர். இடங்களோ அதே வேகத்திற் கூடுவதில்லை. தனியொருவருக்கு விவேகமாகத் தோன்றுவது எல்லோரும் செய்யும்போது எவருக்கும் பயன் தராது போகின்றது.

இவ்வச்சம் அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்துக்கும் உரியதன்று என்பதையும் மனங்கொள்ள வேண்டும். பெரும்பான்மையான கல்லூரிகள் விண்ணப்பிப்போரில் பாதிக்கு மேற்பட்டோரை ஏற்கின்றன. புகழ்பெற்ற சிலவற்றின் கதவடைப்பே பொதுப் பேச்சின் தொனியைத் தீர்மானிக்கின்றது.

2. எண்ணிக்கையின் கணிதம்

பத்து விண்ணப்பதாரரில் ஒருவரை ஏற்கும் கல்லூரிகளுக்கு மட்டுமே ஒருவர் விண்ணப்பிக்கின்றார் எனக் கொள்வோம். ஒவ்வொரு கல்லூரியின் முடிவும் மற்றவற்றைச் சாராதது என எடுத்துக்கொண்டால், பத்து விண்ணப்பங்களில் ஒன்றேனும் வெற்றிபெறும் நிகழ்தகவு ஏறத்தாழ 65 வீதம். இருபது விண்ணப்பங்களாயின் ஏறத்தாழ 88 வீதம். மறுபுறம், ஐவரில் நால்வரை ஏற்கும் கல்லூரிகள் இரண்டுக்கு மட்டும் விண்ணப்பித்தவருக்கு அந்நிகழ்தகவு 96 வீதமாகும். இருபது அரிய இடங்களைவிட இரண்டு உறுதியான இடங்கள் கூடிய பாதுகாப்பைத் தருகின்றன. பட்டியலின் நீளத்திலும் அதன் உள்ளமைப்பே முக்கியமானது என்பது இதனாற் புலனாகும்.

மேலும், ஒவ்வொரு புதிய விண்ணப்பமும் தரும் நன்மை குறைந்துகொண்டே செல்கின்றது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் முதலாவது விண்ணப்பம் 10 வீத வாய்ப்பைத் தருகின்றது. பத்தாவது விண்ணப்பம் மொத்த வாய்ப்பில் 4 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், இருபதாவது 1.4 வீதமளவிலுமே சேர்க்கின்றன. கட்டணமும் கட்டுரை எழுதும் உழைப்பும் அவ்வாறு குறைவதில்லை.

இக்கணக்கிலும் ஒரு குறை உண்டு. முடிவுகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் எடுகோள் உண்மையன்று. எல்லாக் கல்லூரிகளும் படிப்பது அதே புள்ளிகளையும் ஏறக்குறைய அதே கட்டுரையையுமேயாம். ஒரு கல்லூரி கண்ட குறையை மற்றொன்றும் காணக்கூடும். ஆகவே ஒரே தரத்துக் கல்லூரிகளை அடுக்கிச் செல்வோருக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு, மேலே காட்டிய வீதங்களிலும் குறைவானது.

2006 இல் ஹெக்டர் சாட், லோன்ஸ் ஸ்மித் என்னும் பொருளியலாளர் இருவர் இத்தகைய தெரிவை முறையாக ஆராய்ந்தனர். முதலில், தனியொன்றாக எடுத்தால் கூடிய பயன் தரும் கல்லூரியைத் தெரிந்துகொண்டு, பின்னர் ஒவ்வொரு முறையும் பட்டியலின் மொத்தப் பயனை அதிகம் உயர்த்தும் கல்லூரியையும் சேர்த்து, அவ்வுயர்வு விண்ணப்பச் செலவிலும் குறையும் இடத்தில் நிறுத்துவதே சிறந்த வழி என அவர்கள் காட்டினர். இதன்படி உறுதியான இடமொன்று பட்டியலில் இருக்கும்போது, அதனை ஒத்த மற்றொன்றைச் சேர்ப்பதால் வரும் பயன் சிறிது. அடித்தளம் உறுதியானதும் மேல்நோக்கி முயல்வதே அறிவுடைமை.

3. ஆறு டொலரின் கதை

மாணவர் உண்மையில் இவ்வாறு கணக்கிட்டுத்தான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றனரா? இதற்குச் சுவையான விடையொன்றை அமண்டா பலே என்னும் ஆய்வாளர் 2015 இல் வெளியிட்டார்.

அமெரிக்கக் கல்லூரி நுழைவுப் பரீட்சைகளுள் ஒன்றான ஏ.சி.ரி. பரீட்சையை எழுதுவோர் தமது புள்ளி அறிக்கையை மூன்று கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம் என்பது முன்னைய விதி. நான்காவது அறிக்கைக்கு 6 டொலர் செலுத்த வேண்டும். அக்காலத்தில் மிகப் பெரும்பாலோர் சரியாக மூன்று அறிக்கைகளையே அனுப்பினர். 1997 இல் இலவச அறிக்கைகளின் தொகை நான்காக்கப்பட்டது. உடனே பெரும்பாலோர் நான்கு அறிக்கைகளை அனுப்பலாயினர். அதனோடு, வருமானங் குறைந்த குடும்பத்து மாணவர் முன்னரிலும் தெரிவுக் கடுமை மிக்க கல்லூரிகளிற் சேர்ந்தனர் எனவும் அவ்வாய்வு கண்டது.

வாழ்நாள் முழுவதையும் பாதிக்கும் ஒரு முடிவு ஆறு டொலரில் தங்கியிருந்தது என்பது வியப்பைத் தரலாம். ஆறு டொலரைச் செலுத்த முடியாமையே முழுக் காரணமெனக் கூறுவது பொருந்தாது. மூன்று வெற்றிடங்களைக் கண்ட மாணவர், மூன்றுதான் தக்க தொகை என ஆலோசனை கூறப்பட்டதாகவே அதனை எடுத்துக்கொண்டனர் என்பது பொருத்தமான விளக்கமாகும். வீட்டில் வழிகாட்டுவோர் உள்ள மாணவருக்குப் படிவம் வெறும் படிவமே. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை நாடும் மாணவருக்கோ படிவமே ஆசானாகின்றது.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலும் இதற்கொப்பானதொரு நிலைமை உண்டு. பட்டதாரி மாணவரல்லாதோரை ஏற்கும் அதன் ஒன்பது வளாகங்களுக்கும் விண்ணப்பம் ஒன்றே. கட்டணமோ வளாகந்தோறும் தனித்தனி. வறிய மாணவருக்கான கட்டண விலக்கு நான்கு வளாகங்கள் வரையிலேயே வழங்கப்படுகின்றது. வசதியுள்ளவருக்கு ஒன்பது வாய்ப்புகள். வசதியற்றவருக்கு இயல்பாகவே நான்கு.

4. தகவலும் உத்தரவாதமும்

கரோலின் ஹொக்ஸ்பி, கிறிஸ்தோபர் ஏவரி ஆகியோரின் ஆய்வு, பெறுபேறுகளில் மிகச் சிறந்து விளங்கியும் வருமானங் குறைந்த மாணவரிற் பெரும்பாலோர் தெரிவுக் கடுமை மிக்க கல்லூரி எதற்குமே விண்ணப்பிப்பதில்லை என்பதை வெளிக்கொணர்ந்தது. நிதியுதவி காரணமாக அக்கல்லூரிகளே பல வேளைகளில் அவர்களுக்கு மலிவானவையாக அமைந்திருக்கும். விளம்பரப்படுத்தப்பட்ட பெருந்தொகைக் கட்டணத்தைக் கண்டே அவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர்.

இதற்கு மாற்றாகத் தகவல் ஏடுகளை அஞ்சலிற் சேர்ப்பித்த முதற் பரிசோதனை நல்ல பலனைத் தந்தது. பின்னர் நாடளாவிய அளவில் நடத்தப்பட்ட இத்தகைய முயற்சியோ குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தரவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015 இல் தொடக்கிய முயற்சி வேறு வகையினது. திறமைமிக்க வறிய மாணவருக்கு, அனுமதி கிடைத்தால் நான்கு ஆண்டுகளும் கல்விக் கட்டணமில்லை என்ற உறுதிமொழி கடிதமூலம் முன்கூட்டியே வழங்கப்பட்டது. கடிதம் பெற்றோரில் 68 வீதத்தினர் அப்பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தனர். பெறாதோரில் 26 வீதத்தினரே விண்ணப்பித்தனர். அம்மாணவரிற் பெரும்பாலோர் கடிதம் இல்லாவிடினும் விண்ணப்பித்து அனுமதி பெற்றிருப்பின் ஏறத்தாழ அதே உதவியைப் பெற்றிருப்பர். புதிதாக வழங்கப்பட்டது பணமன்று, நிச்சயமே. நிச்சயமின்மையைத் தாங்கும் வலிமை எல்லா வர்க்கத்தாருக்கும் ஒரே அளவினதன்று என்னும் உண்மையை இது எடுத்துக்காட்டுகின்றது.

5. எமது விருப்பப் பட்டியல்

இனி எமது நாட்டை நோக்குவோம். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதியை நடுவண் முறையில் நடத்துகின்றது. மாணவர் ஒரே விண்ணப்பத்திற் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கில் எழுதுகின்றனர். தெரிவு 2001 முதல் இசட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. 1970களின் தரப்படுத்தலிலிருந்து தொடரும் விவாதத்தை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. விதி எதுவாயினும் அதனுள் மாணவர் எவ்வாறு பட்டியலிட வேண்டும் என்பதே எமது வினா.

இம்முறையில் விருப்பங்கள் கூடுவதால் கட்டணம் கூடுவதில்லை. தமது புள்ளிக்கு எட்டக்கூடிய விருப்பங்களுள் முதலாவதாக எழுதியதே மாணவருக்குக் கிடைக்கின்றது. எட்டாத விருப்பமொன்றை மேலே எழுதியமையால் அதற்குக் கீழுள்ள விருப்பத்தில் ஒருவர் பின்தள்ளப்படுவதில்லை. “மருத்துவத்தை முதலில் எழுதிக் கிடைக்காவிட்டால் அடுத்ததும் போய்விடும்” என மாணவரிடையே நிலவும் அச்சம் ஆதாரமற்றது. முதல் விருப்பமாக எழுதியோருக்கே முன்னுரிமை தரும் முறைகளில் அவ்வச்சம் நியாயமானது. பொஸ்ரன் நகரப் பாடசாலைகளில் 2005 வரை இருந்த முறை அத்தகையதே. டேவிட் கேல், லொயிட் ஷப்லி ஆகியோர் 1962 இல் கல்லூரி அனுமதி பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கோட்பாடு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியுள்ளது.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, ஒழுங்கு மனத்தின் உண்மையான ஒழுங்காகவே இருத்தல் வேண்டும். இரண்டாவது, கிடைத்தால் ஏற்கத் துணியும் கற்கைநெறிகள் அனைத்தையும் எழுத வேண்டும். ஏற்க விரும்பாத எதனையும் எழுதலாகாது. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு, தமக்கு எட்டாதெனக் கருதும் நெறிகளை அடித்துவிடுதல் பரவலான தவறாகும். வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் மாறுவது. மாணவரின் தெரிவுகள் மாற அதுவும் மாறும்.

எனினும் இங்கும் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. கட்டடக்கலை, இசை, நடனம் போன்ற சில நெறிகளுக்குத் தனியான உளச்சார்பு அல்லது செய்முறைப் பரீட்சைகள் உண்டு. அவற்றுக்குத் தனியே விண்ணப்பிக்கவும் பயணஞ் செய்யவும் வேண்டும். அறிவித்தலை உரிய காலத்தில் அறியாத கிராமப்புற மாணவரின் பட்டியலில் இந்நெறிகள் தோன்றவே மாட்டா. புதிய கற்கைநெறிகளின் பெயரும் பொருளும் நகரப் பாடசாலைகளில் ஆசிரியரால் விளக்கப்படுகின்றன. ஏனைய இடங்களில் மாணவர் கைநூலோடு தனித்து விடப்படுகின்றனர். கட்டணம் எழுப்பாத சுவரை அறியாமை எழுப்பிவிடுகின்றது.

6. முடிவுரை

அமெரிக்காவில் விண்ணப்பிப்பவர், இடமும் நிதியும் ஏறத்தாழ நிச்சயமான ஓரிரு கல்லூரிகளை முதலில் தெரிந்து, பின்னர் நடுத்தர வாய்ப்புள்ளவை சிலவற்றையும் அரியவை சிலவற்றையும் சேர்த்தால், ஆறு முதல் எட்டு வரையிலான பட்டியல் பெரும்பாலும் போதுமானது என்பது எமது கருத்து. செலுத்த இயலாத கட்டணமுள்ள இடத்தைப் பாதுகாப்பான இடமாகக் கணக்கிடுதல் கூடாது. எமது நாட்டில் விண்ணப்பிப்பவர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாது, ஏற்கத்தக்க அனைத்தையும் உண்மையான ஒழுங்கில் எழுதுதல் வேண்டும்.

ஆனால் நீண்ட பட்டியல் எதுவும் புதிய இடமொன்றை உருவாக்குவதில்லை. அண்மைய ஆண்டுகளில் எமது நாட்டிற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே அரச பல்கலைக்கழகங்களுக்குள் நுழைகின்றனர். இடங்களைப் பெருக்குதல் அரசின் கடமை. அதற்காகக் குரலெழுப்புதல் சமூகத்தின் கடமை. அதுவரை, இருக்கும் இடங்களுள் ஒன்றையேனும் அறியாமையாலோ வீண் அச்சத்தாலோ ஒரு மாணவர் இழந்துவிடாதிருக்கச் செய்வது பல்கலைக்கழகத்தினுள் ஏற்கனவே நுழைந்துவிட்ட எம் ஒவ்வொருவரதும் பொறுப்பாகும். விண்ணப்பக் காலத்தில் ஒரு நாள் தத்தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, மாணவரோடு அமர்ந்து அக்கைநூலைப் பக்கம் பக்கமாகப் படித்துக்காட்டுவதற்குப் பெரும் வளங்கள் எவையும் தேவையில்லை.