மாம்பழச் சாறும் மடிக்கணினியும்

தோத்தாபுரி மாங்கூழுக்குப் பிரசித்தி பெற்ற சித்தூரிலும், 2021 நவம்பர் பெருமழையில் தெருக்கள் ஜலப்பிரவாகமான திருப்பதியிலும் மடிக்கணினிக்கு நேரக்கூடிய அபாயம் ஒரே விதமானதன்று. சுத்தமான நீரைக் காட்டிலும், உலர்ந்த பின்னும் சர்க்கரையையும் அமிலத்தையும் விட்டுச்செல்லும் பழச்சாறே கொடியது. நீரில் கரைந்த உப்புகளின் வழியே மின்சாரம் பாயும்போதுதான் உள்ளிருக்கும் செப்புத் தடங்கள் துரிதமாக அரிக்கப்படுகின்றன. ஆகையால், கணினியில் சாறோ நீரோ சிந்திவிட்டால், மேஜையைத் துடைக்க ஓடுவதற்கு முன்பே, சுவர் சுவிட்சை அணைத்துச் சார்ஜரைப் பிடுங்கி, மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திக் கணினியை நிறுத்தி, திரையை விரித்தபடியே கவிழ்த்து வடியவிடுவது அவசியம். அரிசியில் புதைத்துவைப்பது வீண் பிரயாசை. அரிசிக்கு அதைவிட உசிதமான உபயோகங்கள் உண்டு! சற்றே போட்டுப் பார்ப்போமே என்னும் சபலத்தை அடக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பித்தால், அவர் பாட்டரியின் இணைப்பை நீக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மின்சுற்றுப் பலகையிலுள்ள பிசுக்கைக் கழுவி உலர்த்துவார்.