இறுக்கிக் கட்டிய வடம் ஏன் ஆபத்து?

தாப்பாவில் தொழிற்சாலை, பட்டறை, கிடங்கு எனப் பல கட்டடங்களுக்குச் சிங்க் கூரைதான். ஒழுகினால் யாராவது மேலே ஏறித்தான் ஆகவேண்டும். அவர் உங்கள் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். கால் இடறி 2 மீட்டர் விழுந்தாலே உடல் மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அதற்கு முக்கால் விநாடிகூட ஆகாது. எதையாவது எட்டிப் பிடிக்க நேரமே இல்லை.

அதனால்தான் கூரையில் எஃகுக் கம்பங்களை நிறுத்தி, அவற்றுக்கு இடையே கிடையாக ஓர் எஃகு வடத்தைக் கட்டுகிறார்கள். தொழிலாளி அணியும் ‘ஹார்னஸ்’ வார்ப்பட்டையின் கயிறு அந்த வடத்தில் கொக்கியால் மாட்டப்படும். அவர் நடக்க நடக்க, கொக்கியும் கூடவே நகரும்.

வடத்தை விறைப்பாக இழுத்துக் கட்டினால் நல்லது என்று தோன்றுகிறதா? வீட்டுக் கொடிக்கயிற்றைப் பாருங்கள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், ஈரத்துணி போட்டதும் நடுவில் தொய்கிறது. சாய்ந்த கயிற்றின் இழுவிசையில் மேல்நோக்கிய கூறுதான் துணியைத் தாங்குகிறது. சாய்வு குறையக் குறைய, அதே துணிக்குக் கயிறு மேலும் மேலும் இழுபடும்.

கணக்குப் போடுவோம். விழுபவரைத் தடுத்து நிறுத்தும் விசை 6 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இது ஏறக்குறைய 600 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். இரு கம்பங்களுக்கு இடையே 10 மீட்டர். அவர் விழுவது நடுவில். வடம் 1 மீட்டர் தொய்ந்தால் ஒவ்வொரு கம்பத்தையும் ஏறக்குறைய 15 கிலோநியூட்டன் விசை இழுக்கும். அரை மீட்டர் மட்டுமே தொய்ந்தால் 30 கிலோநியூட்டன், அதாவது 3 டன் எடை! படிவம் 5 இயற்பியலில் வரும் விசைப் பகுப்பைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

அதற்காக அதிகம் தொய்யவும் விடக்கூடாது; விழுபவர் தரையில் மோதிவிடுவார். எனவே பொறியாளர் இரண்டையும் கணக்கிட்டு, வடத்தின் முனையில் அதிர்வுத் தாங்கி பொருத்துகிறார்.

கம்பமோ ஒரு நெம்புகோல் போன்றது. உயரம் இரு மடங்கானால், அடிப்பகுதியை முறிக்கப் பார்க்கும் திருப்புத்திறனும் இரு மடங்காகும். ஆகவே கம்பத்தை மெல்லிய சிங்க் தகட்டில் திருகிவிட முடியாது. கீழே உள்ள உறுதியான எஃகு உத்தரத்தில் பிணைக்க வேண்டும். கான்கிரீட் என்றால் விளிம்பை ஒட்டித் துளையிடக்கூடாது, ஓரம் பிளந்துவிடும்.

முதல் கம்பத்தைப் பொருத்துபவரை யார் காப்பது? அவர் தடுப்புக்கம்பி உள்ள தூக்குமேடையிலிருந்து வேலை செய்யலாம். அல்லது சோதித்த உத்தரத்தில் தற்காலிகமாகத் தம்மைப் பிணைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்துக்காகப் பதித்த ஒளிபுகும் தகடுகளின் மேல் கால் வைக்கவே கூடாது, அவை உடையக்கூடியவை.

விழுந்து வடத்தில் தொங்குபவரை உடனே இறக்கவும் திட்டம் வேண்டும். அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி, உயிருக்கே ஆபத்தாகும்.

எஸ்.பி.எம். முடித்ததும் உங்களில் சிலர் வேலைக்குப் போவீர்கள். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள அது தொழிலாளிக்கு உரிமை தருகிறது. கூரையில் ஏறச் சொன்னால் முதலில் கேளுங்கள்: “இந்தக் கம்பம் எதில் பிணைக்கப்பட்டிருக்கிறது? யார் சோதித்தார்கள்?”