கள்ளிப் பழப் பாகு

கள்ளி என்ற சொல்லைக் கேட்ட அளவிலே சங்க இலக்கியம் பயின்ற மாணவன் பாலை நிலத்தை நினைக்கின்றான். பல்லி தன் துணையை அழைக்கும் கள்ளிக்காட்டைக் குறுந்தொகை காட்டுகின்றது. புறநானூறு சுடுகாட்டைப் பாடுமிடத்துக் கள்ளியையும் உடன் பாடுகின்றது. ஆயின், "அக்கள்ளியை வரைந்து காட்டுக" என்று கேட்டால், தட்டைத் தண்டும் மஞ்சட் பூவும் செம்பழமும் உடைய ஒன்றையே மாணவன் வரைவான். முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில் இவ்வோவியத்தைப் பன்முறை கண்டிருக்கின்றேன். சங்கப் புலவர் கண்ட கள்ளி வேறு. அது பாலொழுகும் இனம். உண்ணத் தக்க கனியை அது தருவதில்லை. பழந்தரும் கள்ளியோ அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. கொலம்பசு கடல் கடந்த பின்னரே அது கீழ்த்திசைக்கு வந்தது. பாலைத் திணைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

வந்த செடிக்குத் தமிழர் இட்ட பெயர்கள் சுவையானவை. தண்டு படமெடுத்த பாம்பு போலிருப்பதால் நாகதாளி என்றனர். சப்பாத்திக் கள்ளி என்பது மற்றொரு பெயர். சப்பாத்தி என்னும் கோதுமை உணவை இதற்குக் காரணமாகக் கூறுவோர் உளர். போர்த்துக்கேயர் வழி வந்த 'சப்பாத்து' என்ற சொல்லே காரணம் என்பாரும் உளர். செருப்பைச் சப்பாத்து என்றே வழங்கும் ஈழத்தவனாகிய எனக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அத்தண்டைப் பார்ப்பவர் எவரும் உள்ளங்காலையே நினைப்பர்.

இச்செடி பெருகிய வரலாறு வணிகத்தோடு பிணைந்தது. மெக்சிக்கோவிலே கள்ளியில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியை உலர்த்திச் செஞ்சாயம் எடுத்தனர். அச்சாயம் ஸ்பானியருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. அதனைத் தானும் பெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பனி இந்தியாவில் முயன்றது. சென்னையில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமொன்றை அமைத்தார். 1795இல் கப்டன் நீல்சன் என்பவர் பிறேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொணர்ந்தார். வந்தது தரமான சாயப் பூச்சியன்று, அதன் காட்டினம். சாய வணிகம் தோற்றது. கள்ளியோ வேலியாகவும் களையாகவும் ஊரெங்கும் நின்றுவிட்டது.

அப்பூச்சி சாயத்துக்குப் பயன்படாவிடினும் கள்ளியைத் தின்று அழிப்பதிற் கெட்டியானது. ஆகவே 1863 அளவில் தென்னிந்தியாவிலும், 1865 அளவில் இலங்கையிலும் களையொழிப்புக்கென்றே அதனைப் பரப்பினர். களையை அழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு உலகில் இதுவே முதல் எடுத்துக்காட்டு என்பர். நம் மலைநாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பூண்டுலோயாவில் வாழ்ந்து செதிற்பூச்சிகளை ஆராய்ந்த ஏணஸ்ட் கிறீன் 1896இல் இப்பூச்சிக்கு இலங்கையின் பெயரையே சூட்டினார். தென்னமெரிக்காவிற் பிறந்த பூச்சி இன்றளவும் அறிவியல் ஏட்டில் 'சிலோன்' பெயரோடு வாழ்கின்றது. ஆனால் அது ஓரினக் கள்ளியை மட்டுமே தின்னும். ஆதலின் எஞ்சிய இனங்களுக்காக வேறொரு பூச்சி 1920களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், இங்கிருந்து 1926இல் தென்னிந்தியாவுக்கும் சென்றது. சில ஆண்டுகளில் அங்குள்ள கள்ளிக்காடுகள் பெரும்பாலும் கரைந்து போயின.

தேயிலை மலையில் இருந்துகொண்டு இதனையெல்லாம் ஏன் எழுதுகின்றேன் என வாசகர் வினவலாம். கள்ளி மழையையும் குளிரையும் விரும்பாத செடி. அற்றனிலும் நுவரெலியாவிலும் அது செழிப்பதில்லை. எனினும் அதன் பழம் இம்மக்களின் நினைவில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்ட உணவொன்றைப் பற்றி எழுதுமாறு மாணவரைப் பணித்தேன். பலர் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் எழுதினர். மூவர் மட்டும் கள்ளிப் பழத்தை எழுதினர். பழத்தின் நடுவே விண்மீன் வடிவில் ஒரு முள் உண்டென்றும், அதனை எடுத்துவிட்டே தின்னவேண்டும் என்றும், தவறினால் தொண்டையிற் சிக்கும் என்றும் ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் அப்பழத்தைக் கண்டதே இல்லை. அவளுடைய தாயும் கண்டதில்லை. காணாத பழத்தைத் தின்னும் முறை மூன்று தலைமுறையாக ஒரு லயத்து அறையிற் கைமாறி வந்திருக்கின்றது!

இவர்தம் முன்னோர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளினின்று வந்தவர்கள். 1830கள் முதல் மன்னாரில் இறங்கி, வறண்ட வன்னிக் காட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டவர் மிகப் பலர். 1914இல் தலைமன்னாருக்குப் புகைவண்டி வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் வகுத்தது. அவ்வாறு கப்பலேறியவர்கள் பாட்டன் சொன்ன ஊரைத் தேடிச் சென்றபோது, பாட்டன் சொன்ன கள்ளிவேலி அங்கே பெரும்பாலும் இல்லை. அதனைத் தின்ற பூச்சி இலங்கையிலிருந்தே சென்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இலங்கையில் இன்று நாகதாளி மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்து மணற்பாங்கிலும் அம்பாந்தோட்டையிலும் உண்டு. பூந்தல தேசியப் பூங்காவில் அது ஆக்கிரமிப்புக் களையாக எண்ணப்படுகின்றது. மலைநாட்டுக்கு உரிய கள்ளியினம் ஒன்றே. ஈரக்காட்டு மரங்களிற் பற்றிக்கொண்டு மெல்லிய கயிறு போலத் தொங்கும் அதற்குச் சிங்களத்தில் நவஹந்தி என்பதையொட்டிய பெயர் வழங்குகின்றது. அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வாழும் ஒரே கள்ளியினமும் அதுவே. அதன் கனி வெண்முத்துப் போன்றது. பறவைக்கு ஆகுமேயன்றிப் பாகுக்கு ஆகாது.

இனிப் பாகு செய்யும் முறையைச் சொல்வேன். மன்னாரிலுள்ள நண்பர் ஒருவர் ஒரு பை பழம் அனுப்பியபோது, என் மனைவியாரும் அயல்வீட்டுப் பாட்டியொருவரும் செய்ய, நான் அருகிருந்து கண்டது இது. நன்கு கறுத்துச் சிவந்த பழத்தையே கொள்ளவேண்டும். வெறுங்கையால் தொடலாகாது. கண்ணுக்குப் புலப்படாத நுண்முட்கள் தோலிலே குச்சம் குச்சமாக உள்ளன. பெரிய முள்ளினும் இவையே கொடியவை. இடுக்கியாற் பிடித்துத் தணலிற் புரட்டினால் அவை கருகி உதிரும். பின் கழுவி, இருமுனையும் அரிந்து, தோலைக் கீறி உரிக்கவேண்டும். பாட்டி பழத்தைப் பிளந்து நடுவிலே எதையோ தேடி எடுத்து எறிந்தார். மாணவி எழுதிய விண்மீன் முள்ளைத்தான் அவர் தேடினார் என்பதை உணர எனக்குச் சிறிது நேரமாயிற்று.

சதையை மசித்து, மெல்லிய துணியில் இருமுறை வடிக்கவேண்டும். விதை கல் போன்றது, அரைத்தலாகாது. ஒரு கிலோ பழத்தின் சாற்றுக்குக் கால் கிலோ சீனி போதும். தேசிக்காய்ச் சாறு இரண்டு மேசைக்கரண்டி வேண்டும். இப்பழத்தில் இனிப்பு உண்டு, புளிப்பு மிகக் குறைவு. தேசிக்காய் சேராத பாகு வெறுஞ் சப்பென்றிருக்கும். தானாக உறையும் தன்மையும் இதற்குக் குறைவு. ஆதலின் இதனைப் பழக்கூழாக உறையச் செய்ய முயல்வது வீண். ஊற்றி உண்ணும் பாகாகச் செய்வதே இயல்புக்கு ஏற்றது.

நெருப்பு இளந்தணலாக இருக்கவேண்டும். பீற்றூட்டுக் கிழங்கின் சிவப்பும் இதன் சிவப்பும் ஓரினத்தவை. கடுங்கொதியில் அந்நிறம் மங்கிப் பழுப்பாகும். இவ்விடத்தில் மலைநாடு நமக்கு உதவுகின்றது. கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை வெப்பத்திலேயே கொதிக்கின்றது. எனவே கடிகாரத்தை நம்பாமல் விரலையே நம்புக. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கம்பி இழுபடுமாயின் மிஞ்சிவிட்டது. பிசுக்குப் பதத்திலே இறக்குதல் முறை. ஆறும்போது அது மேலும் தடிக்கும்.

பழம் கிட்டாதவர் இப்போது அற்றன் சந்தைக்கும் வருகின்ற டிராகன் பழத்தைக் கொள்ளலாம். அதுவும் கள்ளியின் கனியே. செஞ்சதை உள்ளதாக வாங்குக. நுண்முள் தொல்லை அதில் இல்லை. சுவையும் அவ்வளவுக்கு இல்லை.

நம் நாட்டில் தயிருக்குத் துணை கித்துள் பாணி. ஏழெட்டுப் போத்தல் பதநீரைச் சுண்டக் காய்ச்சி ஒரு போத்தல் பாணி எடுக்கின்றனர். பாணிதம் என்று நிகண்டுகள் கூறும் சொல்லும், சிங்களவர் 'பெணி' என்பதும் வடமொழிப் 'பாணித'த்தின் வழிவந்தவை என்பர். கடைகளிற் கித்துள் என விற்பதிற் சீனிப்பாகும் கலந்திருக்கும் இக்காலத்தில், வீட்டிலே காய்ச்சிய கள்ளிப் பாகு குறைந்தது ஐயத்துக்கு இடமில்லாதது. கட்டித்தயிர் ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கரண்டி ஊற்றலாம். கொதிநீரிலிட்டு உலர்த்திய போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் கெடாமல் இருந்தது. பிள்ளைகளின் நாக்குச் சிவக்கும். மறுநாட் காலையிற் சிறுநீரும் சிவந்து காணக்கூடும். முதல்நாள் தின்றதை நினைவிற் கொண்டால் மருத்துவரிடம் ஓடவேண்டியதில்லை.