இளம் விண்மீன்களின் சீற்றம்

மாசி மாதத் தொடக்கத்தில், முகிலற்ற இரவில் 9 மணி அளவில், ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களில் நின்று மேலே நோக்குவார்க்குச் செந்நிறத் திருவாதிரை மீன் ஏறத்தாழ உச்சியிலே தோன்றும். அதற்குத் தென்மேற்கே மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவ்வரிசைக்குத் தெற்கே மங்கலான புகைபோன்ற திட்டு ஒன்று உண்டு. அதுவே ஓரியன் முகிற்படலம். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அது விண்மீன்கள் பிறக்கும் தொட்டிலாகும். அத்தொட்டிற் குழந்தைகள் அமைதியானவை அல்ல; அடிக்கடி சீறி எழுபவை.

விண்மீனின் சீற்றமாவது யாது? 1859 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்னும் அறிஞர் கதிரவனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென அப்புள்ளிகளிடையே வெள்ளொளி பளிச்சிட்டுச் சில நிமிடங்களில் மறைந்தது. மறுநாள் பூமியின் காந்தப் புலம் கலங்கியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. இத்தகைய ஒளிவெடிப்பையே சுடர்வீச்சு என்கிறோம்.

கதிரவன் கெட்டியான உருண்டை அன்று, அனல்வாயுக் கோளம். அதன் நடுப்பகுதி விரைவாகவும் முனைப்பகுதிகள் மெதுவாகவும் சுழல்கின்றன. இதனால் காந்தப் புலக் கோடுகள் முறுக்கேறுகின்றன. அளவுக்கு மீறி முறுக்கிய ரப்பர் வளையம் தெறித்து அறுவதுபோல, அக்கோடுகள் அறுந்து புதிய வகையில் இணைகின்றன. அடங்கிக் கிடந்த ஆற்றல் அப்பொழுது வெளிப்பட்டு, வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரி வரை சூடேற்றுகிறது.

முறுக்குக்குக் காரணம் சுழற்சியாதலின், விரைந்து சுழலும் மீனே மிகுதியாகச் சீறும். இன்றைய கதிரவன் தன் நடுக்கோட்டில் ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள் ஆகிறது. இளம் மீன்கள் பலவற்றிற்குச் சில நாட்களே போதும். கார்த்திகைக் கூட்டம் முதலியவற்றின் மீன்களைக் கதிரவனோடு ஒப்பிட்ட ஸ்குமானிச் என்பார், வயது ஏற ஏறச் சுழற்சி தளர்கிறது என்று 1972 இல் காட்டினார். மீனிலிருந்து ஓயாது வீசும் துகட்காற்று அதன் சுழல்வேகத்தைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து செல்கிறது.

இளம் மீன்களின் சுடர்வீச்சை நன்கு காட்டுவன எக்ஸ் கதிர்கள். அவற்றை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், வானிற்கே கருவியை அனுப்ப வேண்டியதாயிற்று. 1999 ஜூலையில் செலுத்தப்பட்ட 'சந்திரா' தொலைநோக்கி அத்தகையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983 இல் நோபெல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே அது தாங்குகிறது. 2003 ஜனவரியில் அது ஏறத்தாழ 13 நாள் ஓரியன் முகிற்படலத்தையே நோக்கியது. ஏறக்குறைய 1,400 இளம் மீன்களைக் கண்டது. அவற்றுள் கதிரவனை ஒத்த மீன்களின் சீற்றம், இன்றைய கதிரவனின் சீற்றத்தினும் பன்மடங்கு வலியதாக இருந்தது.

இளம் மீனைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வாயுத் தட்டு இருக்கும். எக்ஸ் கதிர்கள் அத்தட்டைக் கலக்குவதால், பிறந்துவரும் கோள்கள் தாய்மீனுள் விழாமல் தப்பக்கூடும் என்பது அறிஞர் சிலர் கருத்து. அவ்வாறாயின், அழிவு போலத் தோன்றும் சீற்றமே பூமி போன்ற கோள்களுக்குக் காவலாகவும் அமைந்திருக்கலாம்.

460 கோடி ஆண்டு அகவையுடைய நம் கதிரவனும் ஒருகாலத்தில் இவ்வாறு சீறிய இளமீனே. அன்று அதைக் காண மனிதர் இல்லை. ஆயினும் திருவாதிரைக்கு அருகே உள்ள அம்மங்கலான திட்டை மாணவர்க்குச் சுட்டிக் காட்டும் ஆசிரியர், நம் கதிரவனின் பிள்ளைப் பருவத்தையே காட்டுகிறார் எனலாம்.