சிற்றுருவப் போர் விளையாட்டு

சிற்றுருவப் போர் விளையாட்டு என்பது, வரலாற்றில் நடந்த ஒரு போரைச் சிறிய படைவீரர் உருவங்களைக் கொண்டு மேசைமேல் மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஆகும். உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்து வண்ணம் தீட்டிய உருவங்கள் படைகளாகின்றன. அட்டையாலும் நுரைப்பொருளாலும் செய்த குன்றுகள், வீடுகள், மரங்கள் போர்க்களமாகின்றன. படைகள் நகரும் தூரம் அளவு நாடாவால் அளக்கப்படுகிறது. சண்டையின் விளைவு பகடையால் முடிவாகிறது. ஐயம் எழுந்தால் நடுவர் தீர்த்துவைக்கிறார்.

பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் இது பரவலான பொழுதுபோக்கு. நண்பர்கள் வார இறுதியின் இரு நாட்களையும் ஒதுக்கி ஒரே போரை ஆடுவது இதன் பழகிய வடிவங்களுள் ஒன்று. நன்கு வகுத்த போர்த்திட்டங்களும் ஏன் திட்டமிட்டபடி நடப்பதில்லை என்பதை ஆடுவோரே உணரச் செய்வது இவ்விளையாட்டின் தனித்தன்மை.

தோற்றம்

போரைப் பலகையில் ஆடும் மரபின் வேர் இந்தியாவில் உள்ளது. சதுரங்கம் என்ற சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் குறிப்பது. அதிலிருந்து வளர்ந்த ஐரோப்பியச் சதுரங்கத்தை அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த யோஹான் ஹெல்விக் 1780-இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதில் பலகை பெரிதாக்கப்பட்டு, கட்டங்கள் நிலத்தின் தன்மைக்கேற்ப வண்ணம் பெற்றன. ஆனால் சதுரங்கத்துக்கும் போருக்கும் இடையே இரு பெரிய வேறுபாடுகள் உண்டு. சதுரங்கக் காய் ஆடுபவரின் ஆணையை மீறுவதில்லை. எதிரியின் காய்கள் அனைத்தும் எப்போதும் கண்முன் இருக்கின்றன.

இக்குறைகளை நீக்க முயன்றவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் தந்தையும் மகனும். தந்தை 1812-இல் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஒரு விளையாட்டு மேசையை அளித்தார். படை அதிகாரியான மகன் 1824-இல் அதன் விதிகளைத் திருத்தி, 'கிரீக்ஸ்பீல்' என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். இதில் கட்டப் பலகைக்குப் பதிலாக 1:8000 அளவிலான நில வரைபடம் பயன்பட்டது. ஒவ்வொரு சுற்றும் போர்க்களத்தின் 2 நிமிடங்களைக் குறித்தது. இரு தரப்பினரும் தம் ஆணைகளை நடுவரிடம் தெரிவிப்பர். எதிரி பார்வைக்கு எட்டிய பின்னரே அவனது காய்கள் வரைபடத்தில் வைக்கப்படும். தலைமைப் படைத்தளபதி மஃப்லிங் இதைப் பிரஷ்யப் படையின் பயிற்சிக்குப் பரிந்துரைத்தார்.

படை அலுவலகங்களில் இருந்த இவ்விளையாட்டின் மற்றொரு வடிவத்தைப் பொதுமக்களின் வீடுகளுக்குக் கொண்டுசென்றவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவரது 'லிட்டில் வார்ஸ்' நூல் 1913-இல் வெளிவந்தது. பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற முறையில் வார்த்த ஈய வீரர்கள் அப்போது மலிவாகக் கிடைத்தனர். வெல்ஸின் விதிகளில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பகடை இல்லை. வில்விசை பொருத்திய பொம்மைப் பீரங்கி எறியும் சிறு மரத்துண்டு எந்த வீரனை வீழ்த்துகிறதோ அவன் களத்திலிருந்து நீங்குவான். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் எழுதிய 'வார் கேம்ஸ்' நூல் இப்பொழுதுபோக்கை மேலும் பரப்பியது. பின்னர் 1971-இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விதிகளிலிருந்து 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு பிறந்தது.

உருவங்களும் அளவும்

உருவத்தின் உயரமே அதன் அளவுப் பெயராகிறது. 28 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ. ஆகியவை அதிகம் பயன்படும் அளவுகள். பெரிய உருவங்களில் சீருடையின் நுணுக்கம் தெரியும். சிறிய உருவங்களில் படையின் திரட்சி தெரியும்.

உருவத்தின் அளவும் நிலத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. 28 மி.மீ. உருவம் உண்மை மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அதே விகிதத்தில் களத்தையும் அமைத்தால், பழைய மஸ்கெட் துப்பாக்கியின் பயனுள்ள வீச்சான சுமார் 100 மீட்டர், மேசையில் 1.6 மீட்டருக்கும் மேல் வரும். ஆறடி மேசையின் ஒரு முனையில் நின்றபடியே ஏறத்தாழ மறுமுனை வரை சுட முடியும் என்றாகிவிடும். எனவே தூரங்கள் சுருக்கப்படுகின்றன. ஒரே வீடு ஒரு சிற்றூரைக் குறிக்கிறது. ஓர் உருவம் இருபது அல்லது அதற்கு மேற்பட்ட வீரர்களைக் குறிக்கிறது.

அப்படிச் சுருக்கியும் உழைப்பு குறைவதில்லை. 20,000 பேர் கொண்ட படைப்பிரிவுக்கு, இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் 1,000 உருவங்கள் வேண்டும். ஒன்றுக்கு அரை மணி நேரம் என்றாலும் வண்ணம் தீட்ட மட்டும் 500 மணி நேரம் ஆகும். பெரும் போர்களைத் தனியொருவர் ஆட இயலாமல், நண்பர்கள் தத்தம் படைகளைக் கொண்டுவந்து ஒன்றுசேர்ப்பதற்கு இதுவே காரணம்.

விதிகள்

பெரும்பாலான விதிநூல்களில் ஒரு சுற்று என்பது ஆணையிடுதல், நகர்தல், சுடுதல், நேர்மோதல், மன உறுதியைச் சோதித்தல் ஆகிய படிகளைக் கொண்டது. இழப்பு மிகுந்த படை அழியும் முன்பே பின்வாங்கவோ சிதறி ஓடவோ கூடும். அதைத் தீர்மானிப்பது மன உறுதிச் சோதனை.

ஆணை எவ்வாறு நிறைவேறுகிறது என்பதற்கு, 2009-இல் வெளியான 'பிளாக் பவுடர்' விதிநூல் நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஆடுபவர் தம் ஆணையை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகே இரு பகடைகளை உருட்ட வேண்டும். நடுத்தரத் தளபதியின் திறன் 8 எனில், கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் குறைவாக விழுந்தால் படை நகரும். மிகுந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். இரு பகடைகளில் வரக்கூடிய 36 சேர்க்கைகளில் 26 இதற்குச் சாதகமானவை. அதாவது ஓர் ஆணை நிறைவேறும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம். ஆனால் மூன்று படைகளும் ஒரே சுற்றில் ஒருசேர நகர்ந்தால்தான் வெற்றி பெறும் திட்டம் ஒன்றின் வாய்ப்பு சுமார் 38 சதவீதமே. எதிரி ஒரு குண்டும் சுடாமலே திட்டம் குலையக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பிரஷ்யப் படைச் சிந்தனையாளர் கிளாசவிட்ஸ் போரில் 'உராய்வு' என்று குறிப்பிட்டது இதையே.

ஒரு வார இறுதி ஆட்டம்: 1815 ஜூன் 16

வாட்டர்லூ போருக்கு இரு நாட்களுக்கு முன்பு, இன்றைய பெல்ஜியத்தில் ஒரே நாளில் இரு சண்டைகள் நடந்தன. லின்யி என்னுமிடத்தில் நெப்போலியன் பிரஷ்யத் தளபதி பிளூக்கரை எதிர்த்தார். கத்ர் பிரா சாலைச் சந்திப்பில் மார்ஷல் நே, வெலிங்டனின் கூட்டுப் படையை எதிர்த்தார். சுமார் 20,000 வீரர்களைக் கொண்ட டெர்லோனின் படைப்பிரிவு நேயிடம் சென்றுகொண்டிருந்தது. வழியில் அது லின்யியை நோக்கித் திருப்பப்பட்டது. எதிர்பாராத திசையிலிருந்து வந்த அப்படையைப் பிரெஞ்சு வீரர்களே எதிரி என்று ஐயுற்றதால் நெப்போலியனின் தாக்குதல் தாமதமாயிற்று. அதற்குள் நே அதைத் திரும்ப அழைத்தார். முடிவில், அப்படைப்பிரிவு இரு சண்டைகளிலும் உரிய நேரத்தில் பங்கேற்கவில்லை. லின்யியில் தோற்றும் முற்றிலும் அழியாத பிரஷ்யப் படை, இரு நாட்களுக்குப் பின் வாட்டர்லூவுக்கு வந்து நெப்போலியனின் தோல்வியை உறுதிசெய்தது. அப்படைப்பிரிவைத் திருப்பும் ஆணை யாருடையது என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்நிகழ்வை இரு நாள் ஆட்டமாக அமைப்பது எளிது. வெள்ளி மாலை இரு அறைகளில் இரு மேசைகள் அமைக்கப்படும். சனிக்கிழமை காலை நடுவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் அறிந்திருக்க வேண்டியதை மட்டும் தாளில் எழுதித் தருவார். ஓர் அறையில் இருப்பவருக்கு மற்ற அறையின் நிலை தெரியாது. செய்திகள் சீட்டுகளாக நடுவர் வழியே, சில சுற்றுகள் தாமதித்துச் செல்லும். டெர்லோனாக ஆடுபவர் இரு மேசைகளையும் பாராமல் வெளியே காத்திருப்பார். ஒன்றுக்கொன்று முரணான இரு சீட்டுகள் அவர் கைக்கு வரும்போது, எதற்குக் கீழ்ப்படிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். நூலில் படிக்கும்போது அறிவீனமாகத் தோன்றும் அந்த அலைச்சல், அவர் இருக்கையில் அமர்ந்தால் அப்படித் தோன்றுவதில்லை. ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்ததும், மறைத்து வைத்த சீட்டுகளை எல்லோர் முன்னும் படித்து விவாதிப்பது ஆட்டத்தின் முக்கியமான பகுதி.

நடுவரின் நேர்மை

ஆட்டத்தின் பயன் நடுவரைப் பொறுத்தது. 1942-இல் மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை தன் திட்டத்தை மேசைமேல் ஆடிப் பார்த்தது. அதிகாரிகள் பின்னர் எழுதிய பதிவின்படி, பகடை ஒன்பது குண்டுகள் கப்பல்களைத் தாக்கியதாகக் காட்டியபோது, தலைமை நடுவராக இருந்த உகாகி அதை மூன்றாகக் குறைத்தார். மூழ்கியதாக முடிவான 'காகா' கப்பலும் பின்னர் மீண்டும் ஆட்டத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் நடந்த உண்மைப் போரில் 'காகா' உட்பட நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை ஜப்பான் இழந்தது.

வரம்புகளும் விமர்சனமும்

மேசையை மேலிருந்து பார்க்கும் ஆட்டக்காரருக்குப் புகையும் அச்சமும் பசியும் இல்லை. களத்து ஊர்களில் வாழ்ந்த குடிமக்கள் பெரும்பாலான விதிநூல்களில் இடம்பெறுவதே இல்லை. லின்யியில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ போனார்கள். மேசையில் அவர்கள் ஒரு பெட்டிக்குள் எடுத்து வைக்கப்படும் உருவங்கள். போரை இது இலகுவாக்குகிறது என்ற விமர்சனம் இதனால் எழுகிறது.

இதற்கு வெல்ஸ் தம் நூலின் இறுதிப் பகுதியிலேயே விடை கூற முயன்றார். சிறு போரை மூன்று நான்கு முறை ஆடிய எவருக்கும் பெரும் போர் எவ்வளவு தடுமாற்றம் நிறைந்தது என்பது புலப்படும் என்பது அவர் வாதம். அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் தொடங்கியது.