மலைகளின் வழக்கு – 6: ஒரே கல், இரண்டு உரிமை

சென்ற வாரம் லாஞ்சிகர் அலுமினா ஆலையைப் பார்த்தோம். மலையில் சுரங்கம் தோண்ட அனுமதி கிடைக்கும் முன்பே அடிவாரத்தில் ஆலையைக் கட்டிவிட்டது வேதாந்தா நிறுவனம். வேண்டிய பாக்சைட் தலைக்கு மேலேயே இருந்தது. ஒடிசாவின் நியமகிரி உச்சியில், 7 கோடி டன்னுக்கும் மேல்.

அந்த உச்சிக்குக் கீழே, சரிவுகளில் டோங்ரியா கோந்து மக்களின் புனக்காடுகள். கேழ்வரகு, சாமை, துவரை, ஆமணக்கு என ஒரே புனத்தில் கலந்து விதைக்கிறார்கள். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அறுப்புக்கு வராததால் வீட்டில் தானியமும் ஒரேயடியாகத் தீர்ந்துபோவதில்லை. மரநிழலில் அன்னாசியும் மஞ்சளும் இஞ்சியும் விளைகின்றன. முனிகுடா சந்தைக்குத் தலைச்சுமையாக இறங்கும் சரக்கு இவைதான்.

இத்தனைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாக்சைட் நுண்துளைகள் நிறைந்த பாறை. உச்சியில் பெய்யும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சிவைத்து, மழை ஓய்ந்த பிறகும் ஓடைகளில் கசியவிடுகிறது. வம்சதாரா ஆறு பிறப்பதும் இங்கேதான். “சுரங்கமும் இருக்கட்டும், விவசாயமும் நடக்கட்டும்” என்ற சமரசப் பேச்சு நியமகிரியில் எடுபடாததற்குக் காரணம் இதுதான். கம்பெனி கேட்ட கல்லும், புனத்துக்கு நீர் தரும் கல்லும் ஒன்றே.

2010 ஆகஸ்டில், மத்திய அரசு அமைத்த சக்சேனா குழுவின் அறிக்கைக்குப் பின், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வன அனுமதியை மறுத்தார். ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைச் சுட்டி, கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. மலை முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலையில் தொடங்கி ஆகஸ்டில் ஜரப்பாவில் முடிந்த கூட்டங்கள் மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில் நடந்தன. தங்கள் தெய்வமான நியமராஜா குடியிருக்கும் மலையை வெட்ட விடமாட்டோம் என்று 12 சபைகளும் ஒருமனதாக மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் திட்டத்தை நிராகரித்தது. மறுபடி சபை கூட்டக் கேட்ட மனுவை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால், நியமகிரி இன்னும் விதிவிலக்காகவே நிற்கிறது. அருகிலுள்ள சிஜிமாலி மலையின் பாக்சைட்டை 2023 ஏலத்தில் வேதாந்தாவே பெற்றது. தங்கள் ஒப்புதல் என்று காட்டப்படும் கிராம சபைத் தீர்மானங்கள் போலியானவை என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான்: நியமகிரியில் நடந்ததைப்போல, நீதிபதி முன்னிலையில், ஊர் கூடி, வெளிப்படையாகக் கேட்கட்டும். மறுக்க முடியாத இடத்தில் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல.

(அடுத்த வாரம்: ஆந்திர மலைகளும் 1997 சமதா தீர்ப்பும்)