காயின் போனுக்கு யார் சொன்னது?

தரங்கம்பாடி கடைத்தெருவிலோ மாயவரம் பஸ் ஸ்டாண்டிலோ ஒரு ரூபாய் காயின் போனில் பேசியிருக்கீங்களா நேயர்களே? எதிர்முனையில் ‘ஹலோ’ன்னு குரல் வந்ததும் அவசரமா காசைப் போடுவோம். காசு விழாம நாம எவ்வளவு கத்தினாலும் அங்கே கேட்காது. சரி, அங்கே போனை எடுத்துட்டாங்கன்னு அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சது?

சொன்னது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்தான்! எதிர்முனையில் ரிசீவரை எடுத்த நொடியே, லைன்ல வர்ற மின்சாரத்தோட பிளஸ்ஸையும் மைனஸையும் எக்ஸ்சேஞ்ச் இடம் மாத்திடும். பெட்டி அதைப் புரிஞ்சுக்கிட்டு காசு கேட்கும். இதுக்குன்னு தனிக் கம்பி கிடையாது. நாம பேசற அதே ரெண்டு கம்பியிலதான் இந்தச் சேதியும் வந்தது. எவ்வளவு அழகான யோசனை, பாருங்க!

ஆனா கடலோர உப்புக்காத்து பட்டு செம்புக் கம்பி பச்சை பூத்துட்டா, லைன்மேன் வந்து சுரண்டி முறுக்கிவிடற வரைக்கும் லைனும் கரகரக்கும், சேதியும் சரியா வந்து சேராது.